கெடு நமக்கு மட்டும்தானா?

தாராவி 90 அடி ரோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி இருக்கும். இட்லி வியாபாரத்துக்குப் போனவர்கள் காலிப் பாத்திரங்களுடன் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் டீக்கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாலிபர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"அண்ணாச்சி, பத்து மாசம் ஆச்சு. ஒரு வரி பதில் இல்ல. நாலாவது கடிதம் எழுதணும். ஒரு கை பார்த்துக் கொடுங்க" என்றார்.

உறையைப் பிரித்தேன். உள்ளே ஒரு மனுவின் நகல். அதன் மேல் மூன்று நினைவூட்டுக் கடிதங்களின் நகல்கள். மூன்றாவது கடிதத்தை எழுதிக் கொடுத்தவனே நான்தான்! "பொறு தம்பி, சர்க்கார் காரியம் மெதுவாகத்தான் நடக்கும். இன்னொரு கடிதம் போடு" என்று யோசனை சொன்னவனும் நான்தான்.

அது தப்பான யோசனை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் நம் மக்களில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களும் அதே தப்பைச் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி

இந்த வாலிபரின் தகப்பனார் நெல்லை மாவட்டத்தில் இருந்து பிழைக்க வந்தவர். இட்லி வியாபாரம். மகன் இங்கேயே படித்துப் பட்டம் வாங்கியவர். பகலில் ஒரு கூரியர் அலுவலகத்தில் வேலை, இரவில் படிப்பு. மத்திய அரசின் குமாஸ்தா உத்தியோகங்களுக்கான போட்டித் தேர்வு ஒன்றை எழுதினார். எந்தத் தேர்வு, எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம்.

தேர்வு முடிந்ததும் விடைக் குறிப்பு வெளியானது. "ஆட்சேபம் இருந்தால் ஐந்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்; கேள்வி ஒன்றுக்கு இவ்வளவு கட்டணம்" என்று அறிவிப்பு. ஒரு கேள்வியின் விடை தப்பு என்பது இவர் கட்சி. அரசே அச்சிட்ட பள்ளிப் பாடநூலில் இவர் எழுதிய விடைதான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்தார். கட்டணமும் கட்டினார். எல்லாம் கெடுவுக்குள்.

பிறகு இறுதி விடைக் குறிப்பு வந்தது. மாற்றம் இல்லை. ஏன் மாற்றவில்லை என்பதற்கு ஒரு வார்த்தையும் இல்லை.

அந்தத் தேர்வில் சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். அந்த ஒரு கேள்வி இவர் பக்கம் திரும்பினால் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் கூடும். தேர்வு முடிவில் இவர் தவறவிட்டது ஒரு மதிப்பெண்ணுக்கும் குறைவு!

முடிவு வந்த வாரமே மனு அனுப்பினார். "எனக்கு வேலை கொடுங்கள்" என்று அவர் கேட்கவில்லை. "என் ஆட்சேபத்தை யார் பார்த்தார்கள்? என்ன காரணத்தால் தள்ளினார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

பத்து மாதம் ஓடிவிட்டது. வயது வரம்புப்படி அவர் இனி எழுதக்கூடிய தேர்வு இன்னும் ஒன்றே ஒன்றுதான்.

மேஜைக்கு இந்தப் பக்கம்

மனு எப்படித் தூங்குகிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நானும் ஒரு குமாஸ்தா. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன். எனக்குத் தெரியும்.

மனுவை யாரும் வேண்டுமென்று தூங்க வைப்பதில்லை. அது தானாகவே தூங்கிவிடும்.

தபால் வந்தவுடன் ஒரு வரவு எண் விழும். பிறகு அது ஒரு பிரிவுக்குப் போகும். அங்கே ஒரு ஃபைலில் சேரும். பதில் எழுத வேண்டுமானால் இன்னொரு பிரிவின் குறிப்பு வேண்டும். குறிப்புக் கேட்டு அனுப்புவார்கள். அது திரும்பி வருவதற்குள் பார்த்தவர் மாற்றலாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவர் தலையில் ஏற்கனவே இரண்டு பேர் வேலை இருக்கும்.

இதற்கிடையில் நினைவூட்டுக் கடிதம் வரும். அதற்கும் ஒரு வரவு எண். "முந்தைய மனுவுடன் சேர்க்கவும்" என்று ஒரு வரி எழுதி, அதே ஃபைலில் வைத்துக் கட்டிவிடுவார்கள். கடிதம் போட்டால் மனு விழித்துக்கொள்ளும் என்று வெளியில் இருப்பவர் நினைக்கிறார். உள்ளே அது மனுவுக்கு இன்னொரு போர்வை!

இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பதில் எழுதினால் அது நாளைக்குக் கோர்ட்டில் ஆதாரமாக நிற்கும். எழுதாமல் இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. எழுதியவனுக்கு ஆபத்து, எழுதாதவனுக்கு ஆபத்து இல்லை. இந்த நிலையில் எந்தக் குமாஸ்தா பேனாவை எடுப்பான்?

ஆனால் அதே அலுவலகத்தில் சில ஃபைல்கள் ஓடும். பாராளுமன்றக் கேள்வி வந்தால் ஓடும். தணிக்கை ஆட்சேபம் வந்தால் ஓடும். கோர்ட்டு நோட்டீஸ் வந்தால் ராத்திரி உட்கார்ந்தும் முடிப்போம். காரணம் என்ன? அவற்றின் தலையில் ஒரு தேதி இருக்கிறது. நம் பிள்ளையின் மனுவில் தேதி இல்லை.

தேதி போட்டபோது நடந்தது

இது நான் கற்பனையாகச் சொல்வது அல்ல. நாடே பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது.

2019 பிப்ரவரியில் ரெயில்வே தேர்வு வாரியங்கள் என்.டி.பி.சி. எனப்படும் பதவிகளுக்கு விளம்பரம் செய்தன. குமாஸ்தா, டிக்கெட் கிளார்க், ஸ்டேஷன் மாஸ்டர், கார்டு போன்ற வேலைகள். 35 ஆயிரத்துக்குச் சற்று அதிகமான இடங்களுக்கு விண்ணப்பம் போட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர்! முதல் கட்டத் தேர்வு 2020 டிசம்பர் 28-ந் தேதிதான் தொடங்கியது. 2021 ஜூலை வரை நடந்தது. இடையில் கொரோனா வந்தது உண்மை. ஆனால் அதன் முடிவு வந்தது 2022 ஜனவரியில். விளம்பரத்துக்கும் முதல் கட்ட முடிவுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று ஆண்டு!

முடிவு வந்ததும் குறை எழுந்தது. அடுத்த கட்டத்துக்குக் காலி இடங்களைப் போல 20 மடங்கு பேரை எடுப்பதாகச் சொல்லிவிட்டு, ஒரே ஆளைப் பல சம்பள நிலைகளில் திரும்பத் திரும்ப எண்ணிவிட்டார்கள், அதனால் உண்மையில் எடுத்த ஆட்கள் குறைவு என்பது பிள்ளைகளின் புகார். பீகாரிலும் உத்தரபிரதேசத்திலும் கிளர்ச்சி வெடித்தது. பாட்னாவில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கயாவில் ரெயில் பெட்டி எரிந்தது.

2022 ஜனவரி 26-ந் தேதி ரெயில்வே ஒரு குழு அமைத்தது. பிள்ளைகள் பிப்ரவரி 16-ந் தேதிக்குள் குறைகளைச் சொல்ல வேண்டும். குழு மார்ச் 4-ந் தேதிக்குள் அறிக்கை தர வேண்டும் என்று இரு பக்கமும் தேதி போட்டார்கள். மார்ச் மாதமே முடிவு வந்தது. ஒரே ஆளைப் பலமுறை எண்ணாமல் 20 மடங்கு பேரை எடுப்பதாக அறிவித்தார்கள். திருத்திய முடிவுகளும் வெளிவந்தன.

கோடிக்கணக்கான பேர் சம்பந்தப்பட்ட விவகாரம், தேதி போட்டதும் சில வாரங்களில் தீர்ந்தது. ரெயில் பெட்டியை எரித்ததை நான் நியாயப்படுத்தமாட்டேன். ரெயில்வே சோறு சாப்பிடுகிறவன் நான். அந்தப் பெட்டியும் நம் வரிப்பணம்தான். ஆனால் பெட்டி எரிந்த பிறகு போட்ட தேதியை அதற்கு முன்பே போட்டிருக்கக் கூடாதா?

வினாத்தாள் திருட்டையும் மோசடியையும் தடுக்க 2024-ல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் ஒழுங்காகப் பரீட்சை எழுதியவனின் மனுவுக்கு இத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்ற கணக்கு அந்தச் சட்டத்தில் இல்லை.

கோர்ட்டுக்குப் போனால்?

"கோர்ட்டு இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்த வழியில் எவ்வளவு தூரம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1983-ல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. விடைக் குறிப்பு தப்பு என்று மாணவர்கள் பாடநூல்களைக் காட்டினார்கள். மாணவர்கள் பக்கமே தீர்ப்பு ஆயிற்று. விடைக் குறிப்பு சரி என்றுதான் முதலில் கொள்ள வேண்டும். அது தப்பு என்பது தெளிவாக நிரூபணமானால் மாணவனைத் தண்டிக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இன்னொரு வழக்கு. உத்தரபிரதேசத்தில் பள்ளி ஆசிரியர் வேலைக்கு 2009-ல் விளம்பரம். விடைக் குறிப்பில் தகராறு. வழக்கு ஐகோர்ட்டுக்குப் போயிற்று. விடைகளை வல்லுநர்கள் மறுபடி மறுபடி பார்த்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது 2017 டிசம்பரில். எட்டு ஆண்டுக்கு மேல்! மறுமதிப்பீட்டுக்கு விதியில் இடம் இல்லாவிட்டால், தப்பு பளிச்சென்று தெரிகிற அபூர்வமான சந்தர்ப்பத்தில்தான் கோர்ட்டு தலையிடலாம்; சந்தேகம் வந்தால் அதன் பலன் தேர்வு நடத்துகிறவருக்கே என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

ஆகையால் கோர்ட்டு கடைசி வாசல். அதற்கு முன்னால் இருக்கும் வாசல், மனுவைப் படித்துக் காரணத்தோடு பதில் சொல்வது. அந்த வாசல் ஒழுங்காகத் திறந்தால் பாதிப் பேர் கோர்ட்டுக்கே போகமாட்டார்கள்.

என் யோசனையில் இருந்த ஆபத்து

இப்போது என் தப்புக்கு வருகிறேன். அந்த வாலிபரை அழைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் போனேன். அவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "ரிசல்ட் வந்த தேதி என்ன?"

மத்திய அரசு வேலைக்கு ஆள் எடுப்பது சம்பந்தமான வழக்குகளை விசாரிக்க மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. 1985-ம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்டது. மும்பையிலும் சென்னையிலும் அதற்கு அமர்வுகள் உண்டு. அங்கே போவதற்கு ஒரு கெடு இருக்கிறது. இறுதி உத்தரவு வந்த நாளில் இருந்து ஓராண்டு. விதிப்படி மேல்முறையீடு செய்து ஆறு மாதம் பதில் இல்லையென்றால், அந்த ஆறு மாதம் முடிந்ததில் இருந்து ஓராண்டு.

இதைக் கேட்டு எனக்குச் சற்றுத் தெம்பு வந்தது. வக்கீல் தலையை ஆட்டினார். "அவசரப்படாதீர்கள். அந்த ஆறு மாதச் சலுகை விதியில் இடம் உள்ள மேல்முறையீட்டுக்குத்தான். நீங்கள் போட்டது வெறும் மனு என்று எதிர்த்தரப்பு சொன்னால், ஓராண்டு ரிசல்ட் தேதியில் இருந்தே ஓடத் தொடங்கிவிடும்" என்றார்.

"மூன்று முறை நினைவூட்டி இருக்கிறோமே?" என்று கேட்டேன்.

அவர் சொன்ன பதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சட்டத்தில் இடம் இல்லாத மனுக்களைத் திரும்பத் திரும்பப் போடுவதால் கெடு நீளாது என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் சொல்லிவிட்டார்களாம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

நாம் மரியாதையாகக் காத்திருக்கிறோம். அலுவலகம் மவுனமாக இருக்கிறது. கடைசியில் "ஏன் தாமதமாக வந்தாய்?" என்று கேள்வி கேட்கப்படுவது நாம்தான்! நான் எழுதிக் கொடுத்த மூன்றாவது கடிதம் அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கூடக் கூட்டிக் கொடுக்கவில்லை. மூன்று மாதத்தைத் தின்றுவிட்டது.

என்ன செய்ய வேண்டும்?

பரீட்சை எழுதும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இவற்றைக் கவனத்தில் வைக்க வேண்டுகிறேன்.

முதலாவது: விண்ணப்பத்தில் கொடுக்கும் முகவரியும் மின்னஞ்சலும் உங்கள் சொந்தமாக இருக்கட்டும். நம்மில் பலர் இன்டர்நெட் கடைக்காரர் உண்டாக்கிக் கொடுத்த மின்னஞ்சலில் விண்ணப்பம் போடுகிறோம். ரகசியச் சொல் அவரிடம் இருக்கும். பதில் வந்தாலும் நமக்குத் தெரியாது. வாடகை அறை மாறுகிறவர்கள் ஊர் முகவரி கொடுத்தால், அங்கே தபாலை வாங்கிச் செய்தி சொல்ல ஆள் உண்டா என்று பாருங்கள்.

இரண்டாவது: ஆட்சேபம் தெரிவிக்கும் நாட்கள் மிகக் குறைவு. ஒரு நாள் தவறினாலும் கதவு அடைந்துவிடும். ஆட்சேபம், இணைத்த பாடநூல் பக்கம், கட்டணம் கட்டிய ரசீது மூன்றையும் அன்றைக்கே நகல் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது: பதில் இல்லையென்றால் வெறும் நினைவூட்டுக் கடிதத்தோடு நிற்காதீர்கள். 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி மத்திய அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் மனுச் செய்யலாம். "என் மனு எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது? அதில் எழுதிய குறிப்புகளின் நகல் கொடுங்கள்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். நியாயமான காரணம் இல்லாமல் தாமதிக்கும் அதிகாரிக்கு ஆணையம் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தாமதத்துக்கு விலை வைத்த சட்டம் இது. அதனால்தான் இந்த மனு மேஜையில் அவ்வளவு சுகமாகத் தூங்குவதில்லை.

நான்காவது: மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்திலும் பதிவு செய்யலாம். 2024 ஆகஸ்டில் வந்த உத்தரவுப்படி அங்கே 21 நாள் கெடு. "முடிக்கப்பட்டது" என்று ஒரு வரியில் மூடிவிட்டால் மேல்முறையீடு செய்யவும் அங்கே வழி உண்டு. பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள்.

ஐந்தாவது, இதுதான் முக்கியம்: தேர்வு முடிவு வந்த தேதியைக் குறித்து வைத்து, அதில் இருந்து ஓராண்டைக் கணக்குப் போடுங்கள். எட்டாவது மாதத்திலாவது ஒரு வக்கீலைப் பாருங்கள். தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமல் நாமே நின்று வழக்காடவும் சட்டம் இடம் தருகிறது. ஊர்ப் பக்கம் தமிழ்நாடு அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பாயம் கிடையாது. அங்கே இருந்த மாநிலத் தீர்ப்பாயம் 2006-ல் கலைக்கப்பட்டுவிட்டது. அவர்கள் ஐகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

விண்ணப்பிக்க ஒரு கெடு. கட்டணம் கட்ட ஒரு கெடு. ஆட்சேபம் சொல்ல ஐந்து நாள் கெடு. வயதுக்கு ஒரு கெடு. கோர்ட்டுக்குப் போக ஒரு கெடு. எல்லாக் கெடுவும் பிள்ளைகளுக்கே! பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு மட்டும் கெடு இல்லை. இது என்ன நியாயம்?

பெரிய காரியம் ஒன்றும் கேட்கவில்லை. இறுதி விடைக் குறிப்பு வெளியிடும்போது, ஆட்சேபம் வந்த ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இரண்டு வரி காரணம் எழுதட்டும். மனு வந்தால் இத்தனை நாளுக்குள் பதில் என்று தேர்வு அறிவிப்பிலேயே அச்சடிக்கட்டும். அந்தத் தேதி ஃபைலின் மேல் இருந்தால் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கும் நல்லது. எந்த ஃபைலை முதலில் எடுப்பது என்று நாங்கள் யோசிக்க வேண்டியிருக்காது.

"இல்லை" என்பதும் ஒரு பதில்தான். "இல்லை" என்று தெரிந்தால் பிள்ளை அடுத்த பரீட்சைக்குப் படிப்பான். அல்லது வேறு பிழைப்பைப் பார்ப்பான். பதிலே இல்லாதவன்தான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான்.

அந்த வாலிபர் இப்போது தகவல் உரிமை மனு போட்டுவிட்டார். அந்தப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி, வக்கீல் தீர்ப்பாயத்துக்கான காகிதங்களைத் தயார் செய்கிறார். வழக்கு ஜெயிக்குமா? பாடநூல் பக்கம் பளிச்சென்று இருக்கிறது; ஆனாலும் உறுதி சொல்ல முடியாது என்கிறார்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் மாதக் காலண்டர். அதில் ஒரு தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தார். தகப்பனாருக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் தினமும் விடியற்காலை மாவு எடுக்கப் போகும் முன் அந்த வட்டத்தைப் பார்த்து, எத்தனை நாள் பாக்கி என்று மகனிடம் கேட்கிறாராம்.

நான் போன அன்று பாக்கி இருந்தது 41 நாள்.